பீஜ் சீட்டா, கறுப்பா? மண்டபம் நண்பருக்கு

மண்டபத்துல வீடு, வர்ற சொந்தக்காரங்களை அடிக்கடி ராமேஸ்வரம் கூட்டிப் போகணும், வீட்டுல புது காருக்கு பீஜ் (வெளிர் மணல் நிறம்) உள்அலங்காரம் கேக்குறாங்க, உப்புக்காத்துல பாழாயிடுமோன்னு எழுதியிருக்கீங்க. பீஜே எடுங்க சகோ. மே மாச வெயில்ல நின்ன வண்டியில கறுப்பு சீட்ல உட்கார்ந்து பாருங்க, அப்புறம் பேசலாம். ஆனா டேஷ்போர்டோட மேல்பகுதி கறுப்பாத்தான் இருக்கணும். வெளிர் நிறம்னா முன்கண்ணாடியில அதோட பிம்பம் விழும். ரெண்டு பக்கமும் கடல் மின்னுற தனுஷ்கோடி ரோட்டுல கண்ணு கூசிடும்.

துணி சீட் வேண்டாம், ரெக்சின் போதும். 22 தீர்த்தமும் ஆடினவங்க உப்பைக் கழுவிட்டாவது வருவாங்க. தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனையில அலையில நனைஞ்ச பிள்ளைங்கதான் சீட்டுக்கு ஆபத்து. கடல்தண்ணி காஞ்சாலும் உப்பு துணிக்குள்ளயே தங்கி, காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து சீட்டை நசநசன்னு வச்சிருக்கும். ரெக்சின்ல அந்தத் தொல்லை குறைவு. முதல்ல மணலைப் பிரஷால தட்டிடுங்க, இல்லன்னா கீறல் விழும். அப்புறம் நல்ல தண்ணியில பிழிஞ்ச துணியால துடைங்க, உப்பு கரைஞ்சு வந்துடும். உப்புப் போர்த்தண்ணி கூடவே கூடாது.

பீஜுக்கு நிஜ எதிரி கடல் இல்ல, புது ஜீன்ஸும் சாயம் போற கைலியும்தான். நீலம் ஏறினா அன்னைக்கே மென்மையான ஷாம்பு தண்ணியில துடைங்க. நாள்பட்டா ஊறிடும். பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீங்க, மேல்பூச்சே உரிஞ்சிடும். தலையெண்ணெய்க்கு ஹெட்ரெஸ்ட்ல ஒரு துண்டு. முன்சீட்டுல பக்கவாட்டு ஏர்பேக் இருந்தா, அது விரிய வழிவிடுற சீட் உறையாப் பார்த்து வாங்குங்க.