தகரக் கூரை விக்கிற தர்மகர்த்தா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க மாப்பிள்ளை நைரோபில வேலை பாக்கறார். போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கைல அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, எமர்ஜென்சி வாசல்ல சந்தாரியான்னு பேர் போட்டிருந்துதாம். நம்ம நாட்டுப் பேர் மாதிரி இருக்கே, யாருங்க அவர்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மாப்பிள்ளை கை சரியாயிடுச்சாம்மா? அவர் போனது நைரோபி ஹாஸ்பிடலா இருக்கும், அங்க ஆக்ஸிடென்ட், எமர்ஜென்சி பிரிவுக்கு சந்தாரியா பேருதான் வச்சிருக்காங்க. மனு சந்தாரியா, கென்யாவோட பெரிய தொழிலதிபர், நிறைய நன்கொடை குடுக்கிறவர். நம்ம நாட்டுக்காரர்னு சொன்னா பாதி சரி. அப்பா பிரேம்சந்த் குஜராத்துல ஜாம்நகர் பக்கத்துலேர்ந்து கப்பலேறிப் போய் நைரோபில மளிகைக் கடை வச்ச ஜைனர், மகன் 1929ல பொறந்ததே அங்கதான். இந்தியாவுக்கு வந்து காலேஜ் படிச்சு, அப்பறம் அமெரிக்காவுல ஓக்லஹோமா யுனிவர்சிட்டில இன்ஜினியரிங்ல மாஸ்டர்ஸ் முடிச்சு, 1950கள் ஆரம்பத்துல வீட்டுக்குத் திரும்பினார், அப்ப குடும்பத்து கைல மொம்பாசால காலுவர்க்ஸ்னு ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனி இருந்துது.

அந்தப் பாத்திரத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். கைப்பிடி இல்லாம, நம்ம அன்னக்குண்டான் மாதிரி இருக்கும், அங்க சுஃபூரியான்னு சொல்வாங்க. கென்யால தினமும் சாப்பிடற உகாலி, அதாவது மக்காச்சோள மாவுல கிண்டற களி, அதுலதான் வேகும். குடும்பத்தோட அடுத்த கம்பெனி மபாட்டி ரோலிங் மில்ஸ். மபாட்டின்னா சுவாஹிலில கூரைக்குப் போடற தகர ஷீட். இந்த ரெண்டு சாமானும் இல்லாத கென்யா வீட்டைத் தேடிப் பாருங்க, கஷ்டம்!

தகரம்னா நமக்கு வெயில்ல கொதிக்கும், மழைல பேச்சு கேக்காது, அவ்வளவுதான். அங்க கதையே வேற. சுதந்திரத்துக்கு அப்பறம் கென்யாவோட நடுப்பகுதில பொம்பளைங்க குழு குழுவா சேந்து, நம்ம ஊர் சீட்டு மாதிரியே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, இந்தத் தடவை உன் வீடு, அடுத்தது என் வீடுன்னு முறை வச்சு புல்லுக் கூரையப் பிரிச்சுட்டு தகரம் போட்டாங்க, அதுக்கு மபாட்டி குழுன்னே பேரு. ஏன்னா புல்லுக் கூரைன்னா அதுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு வர்ற வேலை அவங்க தலைலதான், தகரம்னா அந்த வேலையும் மிச்சம், மேல விழற மழைத்தண்ணிய அப்படியே பீப்பால பிடிச்சுக்கலாம், குடத்தைத் தூக்கிக்கிட்டு மைல் கணக்கா நடக்க வேணாம். சந்தாரியா குடும்பத்துக் கம்பெனிகளெல்லாம் சேந்த காம்கிராஃப்ட் குரூப் நாப்பது நாட்டுக்கு மேல பரவினதுக்கு அஸ்திவாரம் இந்த மாதிரி அஞ்சும் பத்துமா சேத்த காசுதான்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: இடி அமீன் துரத்தினப்ப இவர் மட்டும் எப்படித் தப்பிச்சார்? (வாசகர், சேலம்)

பதில்: சார், அது உகாண்டா, 1972, அங்க சர்வாதிகாரியா இருந்த இடி அமீன் இந்திய வம்சாவளிக்காரங்களை வெளியேறச் சொல்லிப் போட்ட தொண்ணூறு நாள் கெடு. இவர் பக்கத்து நாடு. ஆனா கென்யாலயும் நிலைமை அப்படி ஒண்ணும் குளுகுளுன்னு இல்ல. 1963ல சுதந்திரம் வந்தப்ப ரெண்டு வருஷத்துக்குள்ள குடியுரிமை எடுத்துக்கோங்கன்னாங்க, நிறைய இந்தியர்கள் எதுக்கும் இருக்கட்டும்னு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையே வச்சிக்கிட்டாங்க. 1967ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வொர்க் பெர்மிட், கடை லைசென்ஸ்னு சட்டம் வந்ததும் லண்டன் பிளைட்டெல்லாம் ரொம்பி வழிஞ்சுது, 1968 மார்ச்ல பிரிட்டனும் சட்டம் போட்டு கதவைச் சாத்திடுச்சு. சந்தாரியா குடும்பத்துலயும் பல பேர் வேற வேற நாட்டுக்குப் போய் அங்க தொழிலைப் பாத்தாங்க. மனு நைரோபிலயே இருந்தார். பின்னாடி கென்யா தனியார் தொழில்துறைக்குன்னு கெப்சா அமைப்பு ஆரம்பிச்சப்ப அதுக்கு முதல் தலைவர் இவர்தான், 2003ல பிரிட்டிஷ் ராணிகிட்டேர்ந்து ஓபிஇ பட்டமும் வந்துது. கென்யா அரசாங்கம் அங்க இருக்கிற இந்திய வம்சாவளிக்காரங்களை 44வது இனக்குழுன்னு ஏத்துக்கிட்டது 2017லதான், யோசிச்சுப் பாருங்க, அப்ப இவருக்கு வயசு 88!

கேள்வி: ஆஸ்பத்திரி, காலேஜ், ஆடிட்டோரியம் எல்லாத்துலயும் சந்தாரியா பேர். இது தர்மமா விளம்பரமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நீங்க கேப்பீங்கன்னு தெரியும். டியூப்லைட்டுல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் என்னத்த சொல்ல? பேர் போடறது எனக்கும் பெருசா பிடிக்காது. ஆனா எங்க போட்டிருக்காங்கன்னு பாருங்க. எல்டோரெட்ல அரசாங்க ஆஸ்பத்திரியோட கேன்சர் சென்டர், மேற்கு கென்யா கிராமத்து ஜனங்க வர்ற இடம். கென்யாட்டா யுனிவர்சிட்டில புதுசா தொழில் தொடங்கற பசங்களுக்கு ஒரு மையம். யுஎஸ்ஐயூன்னு நைரோபில இருக்கிற தனியார் யுனிவர்சிட்டில பிசினஸ் ஸ்கூல், சரி, அது கொஞ்சம் வசதியான பசங்க படிக்கிற இடம்தான், ஒத்துக்கறேன். குடும்பத்து ஃபவுண்டேஷன் 1950கள்லயே ஆரம்பிச்சது, அதாவது பெரிய பணம் வர்றதுக்கு முன்னாடியே, எனக்கு இதுதான் முக்கியமாத் தெரியுது. பணக்காரன் தன் சொத்துக்கு முதலாளி இல்ல, தர்மகர்த்தான்னு காந்தி சொன்னதைத்தான் இவர் அடிக்கடி சொல்வார். அதுக்காக கேள்வி கேக்கக் கூடாதுன்னு இல்ல, இவ்வளவு பெரிய முதலாளி தொழிலாளிக்குக் குடுக்கிற சம்பளத்தையும் சேத்துத்தான் நாம எடை போடணும்.

கேள்வி: டிஷ்யூ பேப்பர் பண்றது இவர்தானே? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: இல்ல. அது சந்தாரியா இண்டஸ்ட்ரீஸ், வேற கம்பெனி.

கேள்வி: குடும்பத்துல எல்லாரும் செக் புக்கோட சரியா, வேற ஏதாவது செஞ்சாங்களா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அண்ணன் ஒருத்தர் இருந்தார், ரதிலால், 1922ல பொறந்தவர். கம்ப்யூட்டர்ல குஜராத்தி டைப் பண்ண சரியான வழியே இல்லாத காலத்துல, எப்படியாவது குஜராத்தி அகராதிய கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வரணும்னு ஆரம்பிச்சு வருஷக்கணக்கா அதே வேலையா அலைஞ்சார். 2006ல குஜராத்தி லெக்சிகன்னு வெப்சைட்டா வந்துது, யார் வேணா காசு குடுக்காமப் பாக்கலாம். அப்ப அவருக்கு எண்பதைத் தாண்டியாச்சு.