ஜனநாயகத்தில் ஊடகத்தின் வேலை என்ன?

'நான்காவது தூண்' என்று பள்ளியில் படித்ததைத்தான் பலரும் பதிலாகச் சொல்வார்கள். சரி, அந்தத் தூண் எதைத் தாங்குகிறது? எனக்கு உடனே நினைவுக்கு வருவது 1943 வங்காளப் பஞ்சம்.

போர்க்காலம், தணிக்கை வேறு. மக்கள் கல்கத்தா தெருக்களில் பட்டினியால் விழுந்து சாகிறார்கள். ஆங்கிலேய அரசோ பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அந்த ஆகஸ்டில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் அந்தக் காட்சிகளைப் புகைப்படங்களாக அச்சிட்டார். அதன்பிறகு லண்டனிலும் யாரும் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. அக்டோபரில் புதிய வைஸ்ராய் வேவல் வந்தார், நிவாரணத்துக்கு ராணுவம் இறங்கியது. அதற்குள் பல லட்சம் பேர் போய்விட்டார்கள்.

அந்தப் பஞ்சத்தை ஒன்பது வயதில் பார்த்தவர் அமர்த்தியா சென். முறையாகத் தேர்தல் நடக்கிற, பத்திரிகைகள் சுதந்திரமாக எழுதுகிற நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பின்னாளில் பொருளாதார அறிஞராக அவர் எழுதினார். அங்கும் மழை பொய்க்கும். ஆனால் செய்தி வெளியே வந்துவிட்டால், ஓட்டுக்குப் பயந்தாவது ஆட்சியாளர் அரிசியை அனுப்பியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரானது 1950களின் இறுதியில் சீனாவில் நடந்தது. கீழே இருந்த அதிகாரிகள் விளைச்சலைக் கூட்டிக் கூட்டிக் கணக்குக் காட்டினார்கள். அது பொய் என்று எழுத ஒரு பத்திரிகைகூட இல்லை. மேலிடம் அந்தக் கணக்கை நம்பித் தானியத்தைக் கொள்முதல் செய்தது. கிராமங்களில் சாப்பிடத் தானியம் மிஞ்சவில்லை; பட்டினியால் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். ஊடகத்தின் வாயை அடைக்கிற அரசுக்குத் தன் கண்ணும் தெரியாமல் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதனால் தொலைக்காட்சி விவாதங்களை நான் ஊடகத்தின் முக்கிய வேலையாக நினைப்பதில்லை. கருத்துச் சொல்ல நாம் எல்லோரும் இருக்கிறோம். நேரில் போய்ப் பார்த்து, ஆவணத்தைப் புரட்டி, சரிபார்த்து எழுதத்தான் ஆள் வேண்டும். நகராட்சிக் கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்து குறிப்பெடுக்கிற நிருபர் பெரிய புகழ் பெறுவதில்லை. அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ்கள் மூடப்பட்ட பகுதிகளில், உள்ளாட்சி அமைப்புகள் கடனுக்குக் கூடுதல் வட்டி கட்ட நேர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கணக்கைப் பார்க்க ஆள் இல்லாத இடத்துக்குக் கடன் கொடுப்பவனும் தயங்குகிறான்.

நான் ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டும் முன் பார்ப்பதும் இதைத்தான்: அதற்குச் சொந்தமாக நிருபர்கள் இருக்கிறார்களா, அவர்கள் வெளியே போகிறார்களா?