அழைப்பு வந்தால் இணையம் நிற்பது ஏன்?

கேள்வி: மளிகைக் கடை நடத்துகிறேன். மொத்த வியாபாரியிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் யுபிஐ மூலம் பணம் செலுத்தினால், அது வந்து சேர்ந்ததா என்று பார்க்க முடிவதில்லை. பேசி முடித்த பிறகே இணையம் வருகிறது. போனும் சிம்மும் 4ஜிதான், பேக்கில் டேட்டாவும் மிச்சம் இருக்கிறது. போன் கடையில் புதிய 5ஜி போன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அடுத்த முறை பேசும்போது திரையின் மேல் மூலையைப் பாருங்கள். அங்கிருந்த 4ஜி குறி மறைந்து, 2ஜி என்றோ ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தோ வந்தால், உங்கள் அழைப்பு பழைய வலையமைப்புக்கு இறங்கிவிடுகிறது என்று பொருள்.

4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதில் பேசுவதற்கு வோல்ட்டி (VoLTE) என்ற தனி வசதி தேவை. அது இல்லாத போனை, அழைப்பு வந்தவுடன் சிம் நிறுவனம் 2ஜிக்கோ 3ஜிக்கோ அனுப்பிவிடும். 2ஜியில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒவ்வோர் அலைவரிசையும் 8 நேரத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. பொதுவாக ஓர் அழைப்புக்கு ஒரு துண்டு ஒதுக்கப்படும். எஞ்சியவற்றில்தான் டேட்டா ஓடும். அழைப்புகள் பெருகும்போது டேட்டாவிடமிருந்து துண்டுகள் பறிக்கப்பட்டுக் குரலுக்குத் தரப்படும். போதாக்குறைக்கு, பெரும்பாலான போன்களால் 2ஜியில் இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள முடியாது என்பதால், அழைப்பு முடியும் வரை டேட்டா நிறுத்தி வைக்கப்படுகிறது. குரலுக்கு முன்னுரிமை தருவது நியாயமே: ஒரு குறுஞ்செய்தி பத்து நொடி தாமதமாக வந்தால் நட்டமில்லை, பேச்சு அரை நொடி தாமதித்தாலும் உரையாடல் குலைந்துவிடும். ஆனால் 4ஜிக்குப் பணம் கட்டும் ஒருவருக்கு இந்த உண்மையைச் சொல்லாமலேயே போனை விற்பது நியாயமில்லை.

வோல்ட்டியில், 20 மில்லிநொடிக்கு ஒருமுறை குரல் சிறு பொட்டலமாக்கப்பட்டு, டேட்டா செல்லும் அதே அலைவரிசையில் தனி முன்னுரிமையுடன் அனுப்பப்படுகிறது. எனவே பேச்சும் இணையமும் ஒன்றையொன்று நிறுத்துவதில்லை. 2016 செப்டம்பரில் 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் ஜியோ சேவை தொடங்க முடிந்ததும் இதனால்தான்.

ஆகவே, போனின் அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, வோல்ட்டி அல்லது 4ஜி காலிங் என்ற தேர்வு அணைந்திருந்தால் அதை இயக்குங்கள். மென்பொருள் புதுப்பிப்பு நிலுவையில் இருந்தால் அதையும் முடியுங்கள். இரண்டு சிம் போட்டு, ஒன்றில் பேசி மற்றொன்றில் டேட்டா பயன்படுத்துகிறீர்கள் என்றால் காரணம் வேறு: பல போன்களில் சிக்னலை அனுப்பிப் பெறும் ரேடியோ பாகம் இரண்டு சிம்முக்கும் ஒன்றுதான் என்பதால், ஒன்றில் பேசும்போது மற்றதன் டேட்டா நின்றுவிடும். அழைப்பின்போது டேட்டாவைப் பேசும் சிம்முக்கு மாற்றும் தேர்வு அமைப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த சிம்மிலும் டேட்டா பேக் இருந்தால் சிக்கல் தீரும்.

வோல்ட்டித் தேர்வே இல்லாத பழைய போன் என்றாலோ, வெளிநாட்டிலிருந்து வந்த போனில் உங்கள் நிறுவனத்தின் வோல்ட்டி இயங்கவில்லை என்றாலோ மட்டும் வேறு போன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு வோல்ட்டி உள்ள 4ஜி போனே போதும். பணம் கொடுப்பதற்கு முன்பு உங்கள் சிம்மையே அதில் போட்டு, யாரையாவது அழைத்துப் பேசிக்கொண்டே ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

தேர்வு இயங்கியும் உங்கள் பகுதியில் மட்டும் அழைப்பு 2ஜிக்கு இறங்கினால், அது டவர் சார்ந்த குறை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். தனிநபர் புகார்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

கேள்வி: வோல்ட்டியில் பேசினால் தினசரி டேட்டா குறையுமா?

பதில்: வழக்கமான பேக்குகளில் குறையாது. குரல் டேட்டா வடிவில் சென்றாலும், நிறுவனங்கள் அதை அழைப்புக் கணக்கிலேயே சேர்க்கின்றன. வாட்ஸ்அப் அழைப்புக்கு மட்டும் உங்கள் டேட்டா செலவாகும். வோல்ட்டிக்கு உள்ள தனி முன்னுரிமையும் அதற்குக் கிடையாது என்பதால், நெரிசல் மிகுந்த நேரத்தில் முதலில் தடுமாறுவதும் அதுவே.