வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கருவில் இருக்கும்போதே இதயநோய்க்கு வித்திடப்படுகிறது என்று கூறிய டேவிட் பார்க்கரின் பெயரால் பதக்கம் வழங்குகிறார்களாமே, அவர் செய்தது என்ன?

பதில்: இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பணியாற்றிய நோய்ப்பரவலியலாளரான (மக்களிடையே எந்த நோய் எங்கே, யாருக்கு, ஏன் மிகுகிறது என்று ஆராய்பவர்) பார்க்கர், 1921–25 காலத்தில் சிசு மரணம் மிகுந்திருந்த அதே பகுதிகளில்தான் பல பத்தாண்டுகளுக்குப் பின் இதயநோய் மரணங்களும் மிகுந்திருந்தன என்பதை 1986இல் கிளைவ் ஆஸ்மண்டுடன் இணைந்து எடுத்துக்காட்டினார். செல்வர்களின் நோய் என்று கருதப்பட்டது ஏழைப் பகுதிகளை ஏன் தாக்க வேண்டும் என்ற புதிர், அவரைப் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேட வைத்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற செவிலியரின் மேற்பார்வையில், 1911 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையும் ஓராண்டு நிறைவில் இருந்த எடையும் குறித்து வைக்கப்பட்டிருந்தன. (புகழில் பாதி அந்தப் பெண்மணிக்கும் உரியது என்பேன்.) அந்த ஏடுகளைக் கொண்டு 5,654 ஆண்களை ஆராய்ந்தபோது, இவ்விரு பருவங்களிலும் எடை குறைந்திருந்தவர்களிடையே இதயநோய் மரணம் அதிகமாக இருந்தது, 1989இல் இது வெளியானது.

வறுமையும் புகைப்பழக்கமும் கணக்கைக் குழப்பியிருக்கலாம் என்று பலர் மறுத்தனர். அது நியாயமான ஐயமே. ஆயினும், 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவிலிருந்தவர்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வுகள் அவருடைய கருத்துக்கு வலுச் சேர்த்தன.

2013இல் மறைந்த அவரின் பெயரால் பிற்கால நோய்களின் வேர்களைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் தேடும் துறையின் பன்னாட்டுச் சங்கம் பதக்கம் வழங்குகிறது.

கேள்வி: எடை குறைந்து பிறந்தவர் அனைவருக்கும் இதயநோய் உறுதியா?

பதில்: இல்லை. கூடுவது வாய்ப்பு மட்டுமே. உணவும் உடலுழைப்பும் புகையாமையும் அதைப் பெரிதும் குறைக்கும்.