பவுண்டுல ஃபீஸ், ரூபாயில லோன்

கேள்வி: பி.காம் கடைசி வருஷம் படிக்கிறேன் சார். அப்பா பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். லண்டன் போய் எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் ஃபைனான்ஸ் படிக்க ஆசை. கணக்கு நிறைய வருமா? லோன் போட்டுப் போகலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கணக்கு வரும்மா. ஆப்ஷன் ப்ரைசிங் ஃபார்முலா எல்லாம் பாக்கத்தான் மிரட்டும், ரெண்டு வாரம் உக்காந்தா வந்துரும். பி.காம் பசங்களைக் கவுக்குறது எகனாமெட்ரிக்ஸ்தான், ரிக்ரெஷன் (ஒண்ணு மாறுனா இன்னொண்ணு எவ்ளோ மாறுதுனு பாக்குற கணக்கு) ஓட்டி வர்ற நம்பரை வெச்சு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாதுங்கிற சமாச்சாரம். ஒரு வருஷ கோர்ஸ்ங்கிறதால நின்னு நிதானமா சொல்லித்தர அங்க யாருக்கும் நேரமில்ல, அதனால இந்த லீவுலயே ஸ்டாடிஸ்டிக்ஸ் புக்கைத் தூசி தட்டி வெச்சுக்கோ. காலேஜ்ல அதுல அரியர் வெச்சவங்கிற உரிமையில சொல்றேன்.

மத்த பாடத்துல பாதி உங்க அப்பா ஆபீஸ்ல தினமும் நடக்குறதுதான். ஷிப்மெண்ட் போய் பையர் டாலர் அனுப்ப 60 நாள், 90 நாள் ஆகும், அதுக்குள்ள டாலர் எறங்குனா மார்ஜின் காலி, அதான் பேங்க்ல ஃபார்வர்ட் புக் பண்றாங்க, அதாவது பின்னால மாத்தப்போற டாலருக்கு இன்னிக்கே ரேட் பேசி முடிச்சுக்கறது. அந்த ரேட் எங்கருந்து வருதுனு கேட்டா 'டாலர் ஏறும்னு பேங்க் நினைக்குது'ம்பாங்க நிறைய பேரு. சத்தியமா இல்ல, அது வெறும் வட்டி வித்தியாசம். ஒரு கணக்குக்கு டாலர் இன்னிக்கு 90 ரூபா, இங்க வட்டி 6 சதவீதம், அமெரிக்காவுல 4 சதவீதம்னு வை. 90-ஐ 1.06-ஆல பெருக்கி 1.04-ஆல வகுத்தா 91.73. ஒரு வருஷ ஃபார்வர்ட் கிட்டத்தட்ட அங்கதான் நிக்கும், நிக்கலைனா ஒரு பக்கம் கடன் வாங்கி இன்னொரு பக்கம் போட்டு ரிஸ்க்கே இல்லாம காசு பாத்துருவாங்க. இதுக்கு கவர்ட் இன்ட்ரெஸ்ட் பாரிட்டினு பேர் வெச்சு ரெண்டு லெக்சர் எடுப்பாங்க, நீ பின்பெஞ்சுல உக்காந்து சிரிச்சுக்கலாம்.

லோன் விஷயத்துலதான் நீ நிஜமாவே யோசிக்கணும். உன் லோன் ரூபாயில, ஃபீஸ் பவுண்டுல. ஃபீஸ் 25,000 பவுண்டுனு வெச்சுப்போம். பவுண்டு 105 ரூபான்னா 26 லட்சத்து 25 ஆயிரம், அதுவே 118 ஆச்சுன்னா 29 லட்சத்து 50 ஆயிரம். நீ ஒரு தப்பும் பண்ணாம மூணேகால் லட்சம் கூடிப்போச்சு, ஆனா பேங்க் சாங்ஷன் பண்ணது பழைய கணக்குல. அதனால கேக்கும்போதே பத்து பதினஞ்சு சதவீதம் சேத்துக் கேளு. அங்கேயே வேலை கிடைச்சா பவுண்டு சம்பளத்துல ரூபாக் கடன் அடைப்ப, ரூபா எறங்க எறங்க உனக்கு லாபம். திரும்பி வந்துட்டா பவுண்டு விலை குடுத்து வாங்குன படிப்புக்கு ரூபா சம்பளத்துல இஎம்ஐ, அங்கதான் பல வீட்டுல அப்பாவோட பி.எஃப். கரையுது. படிப்பு முடிச்சு அங்க தங்கி வேலை தேட கிராஜுவேட் விசா ரெண்டு வருஷம் குடுத்துட்டு இருந்தாங்க, 2027 ஜனவரி 1-லருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். இதுல பெரிய பேங்க் எல்லாம் அடுத்த வருஷத்துக்கான ஆளெடுப்பை செப்டம்பர் அக்டோபர்லயே திறந்துருவாங்க, நீ பெட்டியைத் தொறந்து பருப்புப் பொடி டப்பாவை வெளிய எடுக்கறதுக்குள்ள! ரெஸ்யூமை இங்கருந்தே ரெடி பண்ணிட்டுப் போ. இஎம்ஐயை ரூபா சம்பளத்துல கட்ட முடியுமான்னு மட்டும் வீட்டுல உக்காந்து கணக்குப் போடு, முடியும்னா போய்ட்டு வா.

கேள்வி: எம்.ஏ. வகுப்புல 'இம்பாசிபிள் டிரினிட்டி' நடத்துனாங்க, தலைகால் புரியல.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைங்கிற கதைதான் தம்பி. கரன்சி ரேட்டைக் கட்டி வெக்கணும், வெளிநாட்டுப் பணம் தடையில்லாம வந்து போகணும், வட்டியையும் நம்ம இஷ்டத்துக்கு வெச்சுக்கணும், இந்த மூணுல ஏதாவது ரெண்டுதான் நடக்கும். 1960-கள்ல மண்டெல், ஃப்ளெமிங்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க போட்ட மாடல்லருந்து வந்தது. தாய்லாந்து மூணையும் புடிச்சுக்கப் பாத்துச்சு. அவங்க கரன்சி பாட், டாலருக்கு சுமார் 25 பாட்னு கட்டி வெச்சிருந்தாங்க, கதவும் திறந்துதான் இருந்துச்சு, உள்ளூர் வட்டி அதிகம், டாலர் வட்டி கம்மி. கம்பெனிங்க எல்லாம் டாலர்ல கடன் வாங்கி, பாட்ல வாடகை வர்ற கட்டடமா கட்டித் தள்ளுனாங்க. பாட் விழும்னு நினைச்சவங்க அதை அடிச்சு விக்க ஆரம்பிச்சதும் சென்ட்ரல் பேங்க் கையிருப்பு டாலரை, அதான் ரிசர்வை, வெச்சுத் தாங்குச்சு, வெளிய பாத்தா ரிசர்வ் பெருசு, உள்ள பாத்தா பாதிக்கு மேல ஃபார்வர்ட்ல ஏற்கனவே வித்தாச்சு. 1997 ஜூலை 2 கட்டை அவுத்து விட்டாங்க, 1998 ஜனவரில டாலர் 50 பாட்டைத் தாண்டிருச்சு. வரவு ஒரு கரன்சி கடன் இன்னொரு கரன்சி, மேல திருப்பூர் பொண்ணுக்குச் சொன்ன அதே வியாதிதான், அங்க நாட்டுக்கே வந்துச்சு.

கேள்வி: சி.எஃப்.ஏ. போதுமா, மாஸ்டர்ஸும் வேணுமா?
- மதுரை வாசகர்

பதில்: சி.எஃப்.ஏ.ங்கிறது முதலீட்டுத் துறைக்கான பரீட்சை, ஃபண்ட் மேனேஜ்மெண்ட், ஈக்விட்டி ரிசர்ச்னா அதுல மூணு லெவலும் முடிங்க, செலவும் கம்மி. பேங்க் ரிஸ்க் டிபார்ட்மெண்ட்னா எஃப்.ஆர்.எம்.னு ரிஸ்க்குக்குனே ஒரு பரீட்சை இருக்கு, ரெண்டே பார்ட். ஆராய்ச்சி, பாலிசி பக்கம் போகணும்னாதான் மாஸ்டர்ஸ். அதுக்கும் ஃப்ளைட் ஏறித்தான் ஆகணும்னு இல்ல, கோட்டூர்புரத்துல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் எம்.ஏ. இருக்கு, 21ஜி பஸ்ஸே போதும்னு சொல்ல ஆசை, ரூட்டை மாத்திருந்தா என்னைத் திட்டாதீங்க.

கேள்வி: இதெல்லாம் படிச்சா அடுத்த மாசம் டாலர் என்ன ரேட்னு சொல்லிரலாமா?
- ஒரு நகைக்கடைக்காரர், கோவை

பதில்: 1983-ல மீஸ், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க கரன்சி ரேட்டைக் கணிக்க அப்ப இருந்த பெரிய பெரிய மாடலை எல்லாம் எடுத்துச் சோதிச்சாங்க. ஒரு வருஷத்துக்குள்ளான கணிப்புல, 'இன்னிக்கு ரேட்டுதான் நாளைக்கும்'னு சும்மா சொல்றவனை ஒண்ணாலயும் ஜெயிக்க முடியல. அடுத்த மாசம் என்ன ரேட்னு என்னைக் கேட்டீங்கன்னா, இருங்க, போனை எடுத்து இன்னிக்கு ரேட்டைப் பாத்துச் சொல்றேன்.