வாசகர் கேள்வி – பதில்: பால்டரும் புல்லுருவியும்

கேள்வி: 2018-இல் வந்த ‘காட் ஆஃப் வார்’ கேமில் பால்டர் பச்சை குத்திய உடம்போடு, வலியே தெரியாத முரடனாக வருகிறான். நார்ஸ் (வட ஐரோப்பிய) புராணத்திலும் அப்படித்தானா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நேர் எதிர். (கதையின் முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும்; விளையாடி முடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டர்லுசன் எழுதிய ‘எட்டா’ நூலில் பால்டர் உடம்பிலிருந்தே ஒளி வீசும் அழகன், தேவர்களில் இரக்கம் மிகுந்தவன். மகனுக்குச் சாவு வரும் என்று அஞ்சிய தாய் ஃப்ரிக், நெருப்பு, இரும்பு, நோய், பாம்பு என எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். புல்லுருவி மட்டும் இளசு என்று விட்டுவிடுகிறாள். பிறகு தேவர்கள் பால்டர்மேல் கல்லெறிந்தும் வாளால் வெட்டியும் விளையாடுகிறார்கள். சூழ்ச்சிக்காரனான லோகி, பார்வையற்ற தேவன் ஹோத்தின் கையில் புல்லுருவியைக் கொடுத்து எறியவைக்கிறான். பால்டர் சாகிறான்.

கேம் இதில் ஒரு கேள்வியை எழுப்புகிறது: வலி தெரியாதவனுக்கு ருசியும் சூடும் தெரியுமா? தெரியாது என்பதே அதன் பதில். பால்டரின் மூர்க்கம் அங்கிருந்துதான் வருகிறது. காந்தாரியின் பார்வை பட்டுத் துரியோதனன் உடம்பு இரும்பானது, தொடை மட்டும் தப்பியது என்ற கதையும், திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தும் அவன் உருவமும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். அங்கே தாயின் காவலில் ஓர் இடம் விட்டுப்போனது. கேமில் அந்தக் காவலே மகனுக்குத் தண்டனையாகிவிட்டது.

மாற்றங்கள் இன்னும் உண்டு. எட்டாவில் ஃப்ரிக் வேறு, ஃப்ரேயா என்ற தேவி வேறு. கேமில் இருவரும் ஒருத்தியே. மகனைக் காக்கத் தாய் போட்ட மந்திரத்தை முறிப்பது, கேமின் நாயகன் கிராடோஸ் தன் மகன் அட்ரியஸின் அம்பறாத்தூணி வாரில் செருகிவைத்த புல்லுருவி அம்புமுனை. அந்தச் சிறுவனுக்குத் தாய் வைத்த பெயர் லோகி என்பது கடைசியில் தெரியவரும்போது, பழைய கதை அப்படியே உள்ளே இருந்தது புரிகிறது. மூலத்தை ஆழமாகப் படித்தவர்கள் செய்த வேலை இது.

கேள்வி: பால்டருடன் கடைசிச் சண்டையில் பாதி அடி பலிக்கவே இல்லையே, ஏன்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஆயுதத்தை மாற்றாமல் அடிக்கிறீர்கள். அம்புமுனை குத்திய பிறகு அவன் பனிக்கும் நெருப்புக்கும் மாறிக்கொண்டே இருப்பான். கிராடோஸின் லெவியதன் கோடரி பனி ஆயுதம். அவன் உடம்பில் பனி படர்ந்திருக்கும்போது பயன்படாது. அப்போது நெருப்பு ஆயுதமான கேயாஸ் வாள்களை எடுங்கள் (பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் திசை பட்டனில் இடது). நெருப்பு எரிந்தால் கோடரி (வலது). ஆயுதத்தில் பொருத்தும் சிறப்புத் தாக்குதல்களான ரூன் தாக்குதல்களுக்கும் இதே கணக்குதான். நிறம் பார்க்காமல் போட்டால் வீண், மறுபடி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

அவன் தாக்க வரும்போது சிவப்பு வளையம் தெரிந்தால் கேடயத்தை நம்பாதீர்கள், விலகுங்கள். மஞ்சள் வளையம் வந்தால் கேடயத்தைப் பிடித்தபடியே நிற்காமல், அடி விழும் நொடியில் எல்1 தட்டுங்கள். சதுர பட்டனை அழுத்தி அட்ரியஸை விடாமல் அம்பு எய்யவையுங்கள். எல்3, ஆர்3 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வரும் ஸ்பார்டன் ஆவேசத்தைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். வெறுங்கை அடிக்குப் பனி, நெருப்பு பேதம் இல்லை. அடிக்க அடிக்க உங்கள் உயிரும் ஏறும். உயிர் குறையும்போது அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: அந்தப் புல்லுருவியும் எங்கள் மாமரத்தில் வருவதும் ஒன்றா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: பிழைப்பு ஒன்று, இனம் வேறு. ஐரோப்பாவில் இருப்பது வெள்ளைப் பழம் பழுக்கும் விஸ்கம் ஆல்பம். இரண்டின் ஒட்டும் விதையையும் பறவைகள்தான் கிளைக்குக் கொண்டுவருகின்றன. இரண்டும் பட்டைக்குள் வேர் இறக்கித் தண்ணீரை உறிஞ்சும். அதனால் மாமரத்தில் பிடுங்கிப் போட்டால் போகாது, உள்ளே இருப்பது திரும்பத் துளிர்க்கும். பழம் பழுப்பதற்கு முன்பே, ஒட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கிளையோடு வெட்டிவிடுங்கள்.