சேலத்தில் என் பழைய ரேடியோ, கேமரா, புரொஜெக்டர் சேகரிப்பைப் பொது அருங்காட்சியகமாக்க எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை, பொருட்களை உங்கள் பெயரிலிருந்து பிரிப்பது. பொது அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றாவிட்டால் உங்களுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் வால்வு ரேடியோவை எடைக்குப் போட்டுவிடுவார்கள் (கண்ணால் பார்த்திருக்கிறேன்).

அப்புறம் இடம். பக்கத்து மலையான ஏற்காட்டில் ஒரு வீடு என்றால் அழகுதான், ஆனால் அந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ரேடியோவின் மரப்பெட்டி உப்பும். சேலம் டவுனே மேல். பல வருடம் தூங்கிய ரேடியோவை நேராக பிளக்கில் சொருகாதீர்கள், பழைய கப்பாசிட்டர் வெடிக்கலாம், வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மெதுவாக ஏற்றுங்கள். 1950களுக்கு முந்தைய 35 மி.மீ. பிலிம் சுருள், செல்லுலோஸ் நைட்ரேட்டில் செய்ததாக இருக்கலாம், சட்டென்று தீப்பிடிக்கும், காட்சிக்கு வேண்டவே வேண்டாம். புரொஜெக்டரை மட்டும் வாசலிலேயே வையுங்கள், மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊராயிற்றே!